ஜில்மார் மனிதன்தான்

ஜில்மார் ஸனெட்டியின் கணக்கை இணையச் சீட்டாட்டக் கம்பெனி முடக்கியது ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க ஆடிவிட்டு, முதுகு கழன்ற நிலையில் மதியம் எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு வந்து கணினியைத் திறந்தால் உள்ளே விடவில்லை. உங்கள் ஆட்டமுறை தானாக ஆடும் மென்பொருளின் ஆட்டமுறையை ஒத்திருக்கிறது, விசாரணை முடியும்வரை கணக்கும் அதிலுள்ள பணமும் நிறுத்திவைக்கப்படும் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ஜில்மார் அதை இரண்டு முறை படித்தான். பிறகு காப்பியைக் குடித்தான். அதற்கு மேல் அந்த நேரத்தில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அசதி அப்படி.

தெற்கு பிரேசிலில் இருக்கும் எங்கள் கிரிசியூமாவில் பாதி ஊர் டைல்ஸ் ஆலைகளை நம்பித்தான் பிழைக்கிறது. ஜில்மாரும் அதில் ஒன்றில்தான் இருந்தான். சூளையிலிருந்து வெளியே வரும் டைல்ஸ் ஓடுபட்டையில் ஊர்ந்து போகும். அவன் நின்றபடி ஒவ்வொன்றையும் பார்த்து, விரிசல் விட்டதையும் கறை பட்டதையும் தட்டிவிட வேண்டும். அப்புறம் அந்த இடத்தில் ஒரு கேமராவை மாட்டினார்கள். அது கண் சிமிட்டாது, சாப்பாட்டுக்குப் போகாது. அவனையும் கூட நின்றவர்களையும் கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இயந்திரம் வந்து ஒருவன் வேலையைப் பிடுங்கியது. இப்போது அவனையே இயந்திரம் என்று சொல்லி இன்னொருவன் பிடுங்குகிறான். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஜில்மார் இரண்டையும் செய்யவில்லை.

போக்கர் என்னும் இந்தப் பந்தயச் சீட்டாட்டத்தை அவனுக்கு அறிமுகம் செய்தது அவன் மனைவி ரொசானியின் தம்பி திர்லே. மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். திர்லே ஆடுவது பொழுதுபோக்குக்கு. ஒரு பீரைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை ஏற்றி, தோற்று, கம்பெனிக்காரன் குலத்தையே திட்டித் தீர்த்துவிட்டுப் படுத்துக்கொள்வான். ஜில்மாருக்கு அது ஒத்துவரவில்லை. வேலை போன மனிதனுக்கு விளையாட்டைக்கூட வேலையாகத்தான் செய்ய வரும்போலிருக்கிறது. புதிதாக ஆட வருகிறவர்கள் கூடும் இணைய அரட்டைக் குழு ஒன்றில் சேர்ந்து, என்னென்ன மென்பொருள் வேண்டும் என்று பணிவாகக் கேட்டான். சொல்லிக்கொடுக்க அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

முதலில் வந்தது, ஆடிய ஆட்டத்தையெல்லாம் பதிந்துவைக்கும் மென்பொருள். அது ஈவிரக்கம் இல்லாதது. அதிர்ஷ்டம் கைவிட்டது என்று நீங்கள் புலம்புகிற இடத்தில், அதிர்ஷ்டம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நீதான் மடத்தனமாக ஆடினாய் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அடுத்தது, எதிராளிகளின் பெயருக்கு மேல் எண்களை மிதக்கவிடுகிற ஒன்று. இவன் நூறு கைக்கு எத்தனை கை உள்ளே வருகிறான், எத்தனை முறை மிரட்டுகிறான், எத்தனை முறை பயந்து சீட்டைக் கவிழ்க்கிறான் என்று அந்த எண்கள் சொல்லும். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது பழைய கதை. ஜில்மார் எண்ணைப் பார்த்து எடைபோடக் கற்றான். பிறகு ஒரு கணிப்பான்: இந்த இரண்டு சீட்டுக்கு எதிரே அந்த இரண்டு சீட்டு நின்றால் எவன் எவ்வளவு தடவை ஜெயிப்பான் என்று கேட்டால் சொல்லும். சோறும் பீன்ஸும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அவன் அதைக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பான். ரொசானி எதிரே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டு முடிப்பாள்.

அதற்கும் அடுத்து அட்டவணை. எந்த இடத்தில் உட்கார்ந்து எந்தச் சீட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டமாக வண்ணம் பூசியது. பச்சைக்கு ஏற்று, சிவப்புக்குக் கவிழ், மஞ்சளுக்குப் பாதி பாதி. ஆடும்போது அதைத் திறந்துவைத்துப் பார்ப்பது கம்பெனி விதிப்படி குற்றம். ஆகவே அச்சிட்டுக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி மனப்பாடம் செய்தான். ரொசானி வீட்டு முன்னறையில் நகப்பூச்சுக் கடை நடத்துகிறாள். அவளுடைய வாடிக்கைக்காரி ஒருத்தி கழிப்பறைக்குப் போய் வந்து, கதவில் இருக்கும் அந்தக் குறுக்குத்தையல் படம் ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். ரொசானி, அது என் வீட்டுக்காரருடைய தையல் என்றாள்.

மஞ்சள் கட்டம்தான் வில்லங்கம். பாதி தடவை ஏற்று, பாதி தடவை கவிழ் என்றால், எந்தத் தடவை எது? மனிதன் தன் இஷ்டத்துக்கு விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவான், எதிராளி கண்டுபிடித்துவிடுவான் என்று குழுவில் சொன்னார்கள். அதற்கும் பகடை உருட்டிச் சொல்லும் மென்பொருள் உண்டு. இதற்கு மேலும் காசைக் கொட்ட ஜில்மாருக்கு மனம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்க்கப் பழகிக்கொண்டான். முள் வலப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தால் ஏற்றுவான், இடப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தால் கவிழ்ப்பான். ஆசை, பயம், சந்தேகம் எதற்கும் இடமில்லை. முள் சொன்னால் சொன்னதுதான்.

இப்படித்தான் ஒரே நேரத்தில் பன்னிரண்டு மேசைகளில், அடிமட்டப் பந்தயத்தில், வாரத்தில் ஆறு நாள் ஆடினான். திங்கள் விடுமுறை. ஊர் உலகமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் பொலெந்தா என்ற சோளக்களியும் கோழியும் தின்றுகொண்டிருக்கும்போது, இந்த ஆட்டக்காரர்களுக்கு அதுதான் பெரிய சந்தை நாள். வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுச் செலவில் பாதியை அது சுமந்தது. ரொசானியின் நகப்பூச்சு மீதியைச் சுமந்தது. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு எங்கள் ஊரில் எந்த ஆலையும் கதவைத் திறப்பதில்லை. இந்தக் கணக்கு போனால் பணம் போவது ஒருபக்கம். நான் வேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் இருந்த ஒரே சங்கதியும் போய்விடும். அதனால்தான், இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிடமிருந்து அடுத்த மின்னஞ்சல் வந்தபோது, உட்காரக்கூடக் காத்திராமல் நின்றபடியே படித்தான்; அவன் ஆடுவதைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டக்காரர்கள் மத்தியில் இந்தச் சடங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீ மனிதன் என்றால் ஆடிக் காட்டு என்பார்கள். முகம், இரண்டு கை, திரை, எல்லாம் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். முதலில் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், நடுவில் வெட்டாமல், வழக்கம்போல் ஆட வேண்டும். விஷயத்தைக் கேள்விப்பட்ட திர்லே கடையை அடைத்துவிட்டே வந்துவிட்டான்.

"மச்சான், மூக்க நோண்டு. எந்த இயந்திரமும் மூக்கு நோண்டாது. அஞ்சு நிமிஷத்துல விட்டுருவாங்க."

ஜில்மார் மூக்கை நோண்டவில்லை. சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டான். துணி தேய்க்கும் பலகையில் நகப்பூச்சு டப்பாக்களை அடுக்கி, அதன்மேல் கைபேசியை நிறுத்தினான். அறையைச் சுற்றிக் காட்டினான். ஒரு மணி நேரம் தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான ஆட்டத்தை ஆடினான். ஒரு பிழை இல்லை. அனுப்பிவிட்டு, இதைப் பார்த்த பிறகு எவன் என்னைக் குறை சொல்வான் என்று ரொசானியிடம் பெருமையாகக்கூடச் சொன்னான்.

பதில் வந்தது. முடிவெடுக்கும் முன் பல இடங்களில் உங்கள் கண் திரையை விட்டு வலப்பக்கம் போகிறது. அங்கே தடைசெய்யப்பட்ட உதவி ஏதோ இருப்பதாகக் கருதுகிறோம். இன்னொரு பதிவு அனுப்ப ஒரு வாய்ப்புத் தருகிறோம், அதன் பிறகு எங்கள் முடிவே இறுதியானது.

"நான் எங்கயும் பாக்கலையே," என்றான் ஜில்மார். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. ரொசானி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பதிவைப் போட்டுப் பார்த்தாள். அதிக நேரம் தேவைப்படவில்லை.

"கடிகாரத்தப் பாக்குற. ஒவ்வொரு தடவையும்."

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். இவ்வளவு நாளாக அங்கே தொங்குவதை முதல் முறையாகக் கண்டவன்போலப் பார்த்தான். நேர்மையாக ஆடுவதற்கென்று தேடிப் பழகிக்கொண்ட பழக்கமே திருட்டு முழியாகப் பதிந்துபோயிருந்தது. நடந்ததை அப்படியே எழுதி விளக்கிவிடலாம் என்று உட்கார்ந்தான். திர்லே தடுத்தான்.

"சுவர்க் கடிகாரத்தக் கேட்டுக் கேட்டுத்தான் ஆடறேன்னு எழுதப் போறியா? இயந்திரம் இல்லன்னு ஒத்துக்குவான் மச்சான். ஆனா மறை கழண்ட கேஸுன்னு சொல்லி மூடிருவான்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார்கள். பலகையும் டப்பாக்களும் இந்த முறை வேண்டாம், யாராவது பக்கத்தில் நின்று கையில் பிடித்தால் கண் எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரியும் என்று முடிவாயிற்று. யாராவது என்றால் வேறு யார்? ரொசானி அடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம் வரவேண்டிய மூன்று பேருக்குச் செய்தி அனுப்பி வேறு நாள் வரச் சொன்னாள். அவர்களில் ஒருத்தி கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டாள். அதை அவள் ஜில்மாரிடம் சொல்லவில்லை.

இந்த முறை திரையில் சீட்டாட்டத்தைத் தவிர வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். பதிகிற மென்பொருளை மூடினான். மிதக்கும் எண்களை அணைத்தான். அணைத்த மாத்திரத்தில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வெறும் பெயர்களாகிவிட்டார்கள். ஒரு பூனைப் படம், ஒரு கால்பந்து, ஒரு குழந்தை. யார் பயந்தாங்கொள்ளி, யார் முரடன் என்று சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. ரொசானி அவன் பக்கவாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். பேசக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

முதல் மஞ்சள் கட்டம் வந்தது. கண் வலப்பக்கம் போகப் பார்த்தது, பிடித்து நிறுத்தினான். ஏற்றுவதா, கவிழ்ப்பதா? அவனுக்குப் பயம் வந்தது. இவ்வளவு காலம் ஆடியும் தானாக ஒரு முடிவு எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏற்றினான். எதிரே பூனைப்படக்காரன் அதற்கு மேல் ஏற்றினான். கவிழ்த்தான். அடுத்ததைக் கவிழ்த்திருக்க வேண்டும்; போன சீட்டை நினைத்துக்கொண்டே ஆடி ஏற்றிவிட்டான். அதற்கடுத்து நிதானமாக யோசிக்கப் போய் நேரம் முடிந்து சீட்டு தானாகவே கவிழ்ந்தது. மனப்பாடம் செய்த அட்டவணை ஓரம் ஓரமாக அழிந்துபோவதுபோல இருந்தது. பாதி நேரம் கடந்த பிறகு ஒரு ஜோடி ஏஸ் வந்தது. இதைவிடப் பெரிய சீட்டு கிடையாது. அப்படியும் அதை வெட்கமில்லாமல் இழுத்து இழுத்து ஆடி, குழந்தைப் படம் போட்டவனிடம் மொத்தமாகத் தோற்றான். திர்லேகூட அப்படி ஆடமாட்டான்.

ரொசானியின் தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது. படம் ஆடாமல் மெல்லக் கை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். அவள் அவன் ஆடுவதைப் பார்த்ததே இல்லை. அந்த அறைக்குள் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்புவதோடு சரி. அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், கைபேசித் திரையின் அளவுக்குச் சுருங்கிய தன் புருஷனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் ஜில்மார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இதை அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பதே மரியாதை என்று முனகினான். எங்கோ ஒரு அறையில் முகம் தெரியாத ஒருவன் இந்தக் கோமாளித்தனத்தை உட்கார்ந்து பார்க்கப் போகிறான் என்பதுதான் அவனைத் தின்றது. இன்னொரு முறை எடுக்க முடியாது. அனுப்பினான். மூன்று நாள் அந்தக் கணினியையே அவன் தொடவில்லை. முன்னறையில் பெண்கள் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். எழுந்து போய் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று நினைப்பான். எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதில் வந்தது. உங்கள் பதிவைப் பரிசீலித்தோம். முடிவுகளில் தெரியும் தடுமாற்றமும் சீரின்மையும் மனிதர் ஒருவர் ஆடுவதையே காட்டுகின்றன. கணக்கு திறக்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம். ஜில்மார் திர்லேவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினான். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை.

"சொதப்புனதுக்குச் சர்ட்டிபிகேட் குடுத்திருக்கான் மச்சான். சட்டம் போட்டு மாட்டு."

ஜில்மாருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. பெரிய பாரம் இறங்கியதுதான், மறுப்பதற்கில்லை. போனை வைத்த கையோடு மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்தான், எண்கள் மிதந்தன, நண்பகல் போட்டிகளுக்குப் பெயரைப் பதிந்தான். அப்புறம்தான் முன்னறைக்குப் போனான். ரொசானி அம்மா வீட்டுக்குக் கிளம்பி, உருளைக்கிழங்குச் சாலட் பாத்திரத்துக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னான். அவள் நல்லது என்றாள். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவளுக்கு இன்னும் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தான்.

"என்ன? பணம் திரும்ப வந்துருச்சு. கணக்கும் வந்துருச்சு."

"வந்துருச்சு. சரி."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

ரொசானி வாடிக்கைக்காரிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபமாக இருந்திருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரியும். அவளும் களைத்துப்போய்த்தான் இருந்தாள்.

"அன்னிக்கு உன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். பெருசா ஒண்ணு தோத்தியே, எனக்கே தெரிஞ்சது, எல்லாத்தையும் அவன் அள்ளிட்டுப் போனான். நான் காத்திருந்தேன், இப்ப கெட்ட வார்த்தை சொல்லுவ, மேசையத் தட்டுவன்னு. ஆலையில இருந்தப்ப ஒரு டைல் ஒடஞ்சா வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கத்துவ. நீ ஒண்ணும் பண்ணல. கண்ணுகூட அசையல. நடுவுல ஒண்ணு ஜெயிச்ச, அப்பவும் அதே மூஞ்சி."

"அது பழக்கம். அப்படி இருந்தாத்தான் ஆட முடியும்."

"சாப்பிடறப்பவும் அந்த மூஞ்சிதான் ஜில்மார். எங்கப்பா செத்தப்பவும் அதான்." அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க எப்படி உன்ன மனுஷன்னு முடிவு பண்ணாங்கன்னு தெரியல. என்னைக் கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

ஜில்மாருக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரும் என்று சற்று நேரம் நின்று பார்த்தான். வரவில்லை. நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது. ஆனால் அது முகம் வரை ஏறி வர வழி தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டது. நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டான்.

"எனக்கும் தெரியல. தோள் இன்னும் வலிக்குது. கொஞ்சம் பிடிச்சுவிடு."

அவன் அவள் பின்னால் போய் நின்று தோளை அழுத்தினான். அந்தத் தோள் எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்பதை விரல் உணர்ந்தது. நகத்தை ராவ ராவக் குனிந்தே இருக்கும் தோள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்படித் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை, அவளிடம் கேட்கவும் துணியவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே என்றாள். கீழே அழுத்தினான். அவள் மூச்சு மெல்ல இறங்கியது. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை அவன் வாயருகே வந்துகொண்டிருந்தது. சொல்லியிருப்பான் என்றுதான் நான் நம்புகிறேன்.

உள்ளறையிலிருந்து கணினி கூவியது. போட்டி தொடங்கிவிட்டது, சீட்டு போட்டாயிற்று, முறை அவனுடையது என்று கூப்பிடுகிற சத்தம். அவன் நகரவில்லை. தோளில் இருந்த விரல்கள் மட்டும் நின்றுவிட்டன.

ரொசானி கண்ணைத் திறந்தாள். அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டு எழுந்து, பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போ. கூப்பிடுது."

அவன் போனான்.